கூரையில் காத்திருக்கும் தண்ணீர்

கண்டமங்கலத்துச் சுட்டிகளே! வளவனூர், சின்னபாபுசமுத்திரம் பக்கத்துக் கண்ணுகளே! உங்களில் ஒருவர் கேட்ட கேள்வியை இந்த மாதம் எடுத்துக்கொள்வோம்.

"சென்னையில் எங்கள் அத்தை வீடு பத்தாவது மாடியில் இருக்கிறது. அந்த வீட்டுக் கூரையில் குட்டியாக ஒரு பித்தளைச் சாமான் தலைகீழாகத் தொங்குகிறது. நடுவில் சிவப்பாக ஒரு கண்ணாடிக் குப்பி. தீப்பிடித்தால் அதிலிருந்து தண்ணீர் கொட்டும் என்று அத்தை சொன்னார். எங்கள் தெருவில் கட்டுகிற புது வீட்டில் ஏன் அது இல்லை?"

சபாஷ்! பார்த்ததோடு விடாமல், 'இங்கே ஏன் இல்லை' என்றும் கேட்டிருக்கிறாயே, அதற்கு ஒரு தனிச் சபாஷ். உன் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தீ வந்தது அந்தக் குப்பிக்கு எப்படித் தெரிகிறது? எந்த வீட்டுக்கு அது கட்டாயம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இரண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் முதல் கேள்வி வழியாகத்தான் அங்கே போக முடியும்.

அந்தச் சாமானுக்குப் பெயர் ஸ்பிரிங்க்ளர். மல்லாட்டைக் கொல்லையில் தண்ணீர் தெளிக்க வைத்திருப்பார்களே, அதற்கும் இதே பெயர்தான். கொல்லையில் இருப்பதை யாராவது போய் மோட்டார் போட்டு ஓடவிட வேண்டும். கூரையில் இருப்பதை யாரும் போட வேண்டாம். தானே திறந்துகொள்ளும். நடுராத்திரியில் எல்லாரும் தூங்கினாலும் திறந்துகொள்ளும்.

கிட்டப் போய்ப் பார்க்கலாமா?

கூரையை ஒட்டி ஒரு குழாய் ஓடுகிறது. அது நிறையத் தண்ணீர், நல்ல அழுத்தத்தோடு நிற்கிறது. குழாயில் ஒரு சின்ன வாய். அந்த வாயை ஒரு மூடி அடைத்திருக்கிறது. மூடி விழாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பது எது தெரியுமா? உன் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தச் சிவப்புக் குப்பிதான்! அதற்குக் கீழே, ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டிய ஒரு வட்டத் தகடு இருக்கிறது. குப்பி உடைந்தால் மூடி தெறித்துவிடும். தண்ணீர் நேரே பாய்ந்து தகட்டில் மோதும். மோதிய தண்ணீர் நாலாபக்கமும் சிதறி, அறை முழுக்கத் தூறலாக விழும்.

சரி, குப்பி ஏன் உடைகிறது?

குப்பிக்குள் கிளிசரின் கலந்த திரவம் இருக்கிறது. கூடவே ஒரு துளி காற்றுக் குமிழி. அடுத்த முறை அத்தை வீட்டுக்குப் போனால் அந்தக் குமிழியைத் தேடிப் பார். வித்தை எல்லாம் அதில்தான்.

சூடு பட்டால் பொருள்கள் விரியும். இது உனக்குத் தெரியும். கண்ணாடியும் விரியும், திரவமும் விரியும். ஆனால் திரவம் கூடுதலாக விரியும். சூடு ஏற ஏற, திரவம் குமிழியின் இடத்தைப் பிடித்துக்கொண்டே வரும். குமிழி சுருங்கிச் சுருங்கிக் காணாமலே போய்விடும். அதற்கு மேலும் சூடு ஏறினால்? திரவத்துக்கு இனி இடமே இல்லை. உள்ளேயிருந்து கண்ணாடியை நெருக்கும். 68 டிகிரி செல்சியஸ் வந்ததும், டப்!

இதுவரை சரிதானே? ஒரு சந்தேகம் வந்தால் முந்தின பத்தியை இன்னொரு தரம் படித்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

திரவம் விரிவதை உன் வீட்டிலேயே பார்க்கலாம். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கட்டும். ஒரு சின்ன மருந்துப் பாட்டிலைக் கழுவி, மை கலந்த தண்ணீரை விளிம்பு வரை ஊற்று. மூடியில் ஓட்டை போட்டு, இளநீர் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றை நுழை. ஓட்டையைச் சுற்றிக் களிமண் வைத்து அடைத்து, மூடியைப் பாட்டிலில் இறுக்கி மூடு. ஸ்ட்ராவின் மேல்வாய் திறந்தே இருக்க வேண்டும், அதை அடைத்துவிடாதே. இப்போது பாட்டிலை, கை பொறுக்கிற வெந்நீர் உள்ள பாத்திரத்தில் நிறுத்து. ஸ்ட்ராவுக்குள் வண்ணத் தண்ணீர் மெல்ல ஏறும். அடுப்புத் தீயில் மட்டும் இதைச் செய்யவே கூடாது, வெந்நீர் போதும். ஸ்ட்ரா வழியாகத் தண்ணீருக்குப் போக இடம் இருந்தது, ஏறியது. ஸ்பிரிங்க்ளர் குப்பியில் அந்த வழி கிடையாது. அதனால்தான் அது உடைகிறது.

இன்னொன்று யோசி. தீ தரையில்தானே பிடிக்கும்? ஸ்பிரிங்க்ளரை ஏன் கூரையில் வைத்தார்கள்?

சூடான காற்று லேசானது, மேலே ஏறும். கூரையில் முட்டியதும் அதற்கு மேலே போக வழியில்லை, அதனால் கூரையை ஒட்டிப் பரவும். கட்டில் மெத்தை பற்றிக்கொண்ட கொஞ்ச நேரத்தில், தரையில் நிற்பவருக்குத் தாங்கும் அளவில் இருக்கும்போதே, கூரையடியில் சூடு எங்கேயோ போயிருக்கும். சூடு முதலில் வந்து சேரும் இடத்தில்தான் காவல்காரரை நிறுத்தியிருக்கிறார்கள்.

வீடுகளில் வைக்கும் குப்பி இன்னும் ஒல்லி. குறுக்களவு 3 மில்லிமீட்டர்தான். பழைய வகைக் குப்பிகள் 5 மில்லிமீட்டர் இருக்கும். ஒல்லிக் குப்பியில் திரவம் குறைவு. குறைந்த திரவம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் உடையும். தூங்குகிறவர்கள் இருக்கிற இடத்தில் ஒவ்வொரு நொடியும் முக்கியம் அல்லவா?

நீ சினிமாவில் பார்த்திருப்பாய். யாரோ ஒருவர் ஒரு மூலையில் தீக்குச்சி கிழிப்பார். உடனே கட்டடம் முழுக்க எல்லா ஸ்பிரிங்க்ளரும் ஒரே நேரத்தில் மழையாகக் கொட்டும். வீடுகளில் அப்படி நடக்காது, கண்ணு. உங்கள் வீட்டு மாமரத்தைப் பார். ஒரு பழம் பழுத்தால் அந்தப் பழம்தான் காம்பு விட்டு விழும். பக்கத்துக் கிளையில் இருக்கிற காயெல்லாம் கூடச் சேர்ந்து விழுவதில்லையே! ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளரும் தன் சூட்டுக்குத்தான் உடையும். வீட்டில் பிடிக்கிற தீக்குப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ திறந்தாலே போதும். அடுத்த அறையில் உன் பாடப்புத்தகம் நனையாமல் இருக்கும்.

கொசுவத்திப் புகைக்குத் திறக்காது. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் திறக்காது. புகையைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. அதற்குத் தெரிந்தது சூடு ஒன்றுதான்.

திரவத்துக்கு ஏன் வண்ணம் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? வண்ணத்தைப் பார்த்தே அது எத்தனை டிகிரியில் உடையும் என்று சொல்லிவிடலாம். ஆரஞ்சு 57 டிகிரி. சிவப்பு 68. மஞ்சள் 79. பச்சை 93. நீலம் 141. அந்த இடம் வழக்கமாக எவ்வளவு சூடாகுமோ அதைவிடச் சுமார் 30 டிகிரி கூடுதலாக இருக்கிற குப்பியைத் தேர்ந்தெடுப்பார்கள். கணக்குப் போடு பார்ப்போம். கோடையில் ஓர் அறை 38 டிகிரிக்குப் போகும் என்றால்? 38-ம் 30-ம் சேர்த்தால் 68. சிவப்பு! கத்திரி வெயிலில் தகரக் கூரையடியில் அதைவிட எவ்வளவோ சூடேறும். அங்கே சிவப்பை வைத்தால் தீயே இல்லாமல் உடைந்துவிடக்கூடும். அதனால் அங்கே மஞ்சளோ பச்சையோ வைப்பார்கள்.

தண்ணீர் தீயை எப்படி அடக்குகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 'நனைத்து அணைக்கிறது' என்று நீ சொல்வாய். சரிதான், ஆனால் பெரிய வேலை வேறே. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பம் வேண்டும். கொதித்த அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க இன்னும் 540 கிலோகலோரி வேண்டும். ஏழு மடங்குக்கும் மேலே! அந்த வெப்பத்தை எல்லாம் தண்ணீர் யாரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது? தீயிடமிருந்துதான். வெப்பம் பறிபோனால் தீ துவண்டுவிடும். பக்கத்தில் இருக்கும் துணி, மரச்சாமான் எல்லாம் நனைந்துவிடுவதால் தீ தாவவும் முடியாது.

தானே திறந்துகொள்ளும் ஸ்பிரிங்க்ளர் என்ற யோசனைக்கு 150 வயதுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் ஹென்றி பார்மலி என்பவர் பியானோ செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். மரம், பசை, வார்னிஷ் என்று எங்கே திரும்பினாலும் பற்றிக்கொள்ளும் பொருள். அவர் 1874-இல் ஒரு ஸ்பிரிங்க்ளரைச் செய்து தன் தொழிற்சாலையில் பொருத்தினார். அதில் கண்ணாடிக் குப்பி கிடையாது. சூட்டில் உருகும் ஈயப் பற்று ஒன்று மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு பிரெடரிக் கிரின்னல் என்ற பொறியாளர் அதைச் செம்மைப்படுத்தினார். அவர்கள் காப்பாற்ற நினைத்தது ஆலைகளையும் சரக்குகளையும். வீட்டில் தூங்கும் குழந்தைக்காக ஸ்பிரிங்க்ளர் வைக்கலாம் என்று உலகத்துக்குத் தோன்ற இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அது கொஞ்சம் சீக்கிரமே தோன்றியிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இப்போது உன் இரண்டாவது கேள்விக்கு வருவோம். களைத்துப் போகவில்லையே?

சென்னை அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் இருக்கிறதே, பார்த்திருக்கிறாயா? 1959-இல் திறந்தார்கள். 14 மாடி, 177 அடி உயரம். அந்தக் காலத்தில் அதை அண்ணாந்து பார்க்கவே ஊரிலிருந்து ஆட்கள் போவார்கள். 1975 ஜூலையில் அந்தக் கட்டடத்தில் பெரிய தீ பிடித்தது.

இவ்வளவு உயரமான கட்டடத்தில் தீயை எப்படி அணைப்பது? ஏணி வைத்து ஏறித் தண்ணீர் அடிப்பதுதான் தீயணைப்பு வீரர்களின் பழைய வழி. எந்த ஏணிக்கும் ஓர் எல்லை உண்டு. உள்ளே இருக்கிறவர்கள் படியில் இறங்கி வரவும் நேரமாகும். உயரம் கூடக் கூட இரண்டு பக்கமும் நேரம் போய்க்கொண்டே இருக்கும். வீரர்கள் மேலே வர நேரம், நீ கீழே வர நேரம். தீயோ யாருக்காகவும் நிற்காது.

கட்டட விதிகளை எழுதுகிறவர்கள் இந்த நேரத்தைத்தான் மனசில் வைத்து உயரத்தை அளக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. முதலில் 1970-இல் வந்தது. 2016-இல் திருத்தி எழுதினார்கள். அதில் நான்காம் பாகம் முழுக்கத் தீயைப் பற்றித்தான். 15 மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் அது உயரமான கட்டடம் என்கிறது அது. தமிழ்நாட்டுக்கென்று 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அந்தக் கோட்டை 18.30 மீட்டரில் போட்டிருக்கின்றன. அடிக் கணக்கில் சொன்னால் 60 அடி. நம் ஊர்ப் பக்கம் நன்றாக வளர்ந்த தென்னையை மனசில் வைத்துக்கொள், கிட்டத்தட்ட அந்த உயரம்.

அந்தக் கோட்டுக்கு மேலே போனால் கேள்விகள் கூடும். இரண்டு படிக்கட்டு இருக்கிறதா? தீக்கென்று தனியாகத் தண்ணீர்த் தொட்டி, பம்பு இருக்கிறதா? கூரையில் ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதா? தீயணைப்புத் துறை பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அத்தை பத்தாவது மாடியில் இருக்கிறார் அல்லவா? மாடிக்குப் பத்து அடி என்று வைத்தாலும் தரை 90, 100 அடி கீழே இருக்கிறது. வெளியிலிருந்து உதவி வரும்வரை அவரால் காத்திருக்க முடியாது. அதனால் உதவியை முன்கூட்டியே அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். கூரையில் நிற்கிற தண்ணீர் அதுதான்.

உயரமே பார்க்காமல் எல்லாப் புது வீட்டுக்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டும் என்று சொன்ன இடங்களும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2011 ஜனவரி முதல் புதிதாகக் கட்டும் தனி வீட்டுக்கும் அது கட்டாயம். பிரிட்டனில் வேல்ஸ் என்று ஒரு சின்ன நாடு இருக்கிறது. அங்கே ஆன் ஜோன்ஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் விடாமல் வாதாடி 2011-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். 2016 ஜனவரி 1 முதல் வேல்ஸில் கட்டும் ஒவ்வொரு புது வீட்டிலும் ஸ்பிரிங்க்ளர் இருந்தே ஆக வேண்டும். நாடு முழுக்க இப்படிச் சட்டம் போட்டதில் வேல்ஸ்தான் முதல். பக்கத்து இங்கிலாந்தில் 30 மீட்டருக்கு மேற்பட்ட புது அடுக்குமாடிகளுக்கு மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்தார்கள். 2020 நவம்பரில் அந்தக் கோட்டை 11 மீட்டருக்கு இறக்கினார்கள்.

கவனித்தாயா? கோடு ஓரிடத்திலேயே நிற்பதில்லை. மனிதர்கள் யோசித்து யோசித்து அதை நகர்த்துகிறார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

விழுப்புரம் மாவட்டத்தில் தீ என்றால் பெரியவர்களுக்கு முதலில் எது ஞாபகம் வரும், தெரியுமா? கூரை. கீற்று, பனையோலை, கரும்புச் சோகை வேய்ந்த கூரைகள். சோகைக் கூரை வெயிலுக்கு எவ்வளவு குளுமை! ஆனால் பங்குனி, சித்திரையில் அது மொடமொடவென்று காய்ந்து நிற்கும். ஒரு பொறி பட்டால் போதும். ஒரு வீட்டில் பிடித்தது காற்றடிக்கிற பக்கம் தாவி அடுத்த வீட்டுக்கும் போய்விடும். இந்த வீட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் வைத்தால் என்ன? வைக்கவே முடியாது! ஸ்பிரிங்க்ளர் காவல் காப்பது கூரைக்குக் கீழே இருப்பதை. இங்கே எரிவது கூரையே.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நடந்ததை நீ கேள்விப்பட்டிருக்கலாம். ஒரு பள்ளியின் சமையலறையில் பற்றிய தீ, வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. உன் வயதிலும் உன்னைவிடச் சின்ன வயதிலும் இருந்த 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை எடுக்கச் சொன்னார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்கப் பள்ளிகள் தீப் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. உன் பள்ளித் தாழ்வாரத்தில் சிவப்பாக ஒரு சிலிண்டர் மாட்டியிருக்கிறதே, அது வெறும் அலங்காரம் இல்லை.

உன் தெருவில் கட்டுகிற புது வீட்டைப் பற்றிக் கேட்டாய் அல்லவா? கலைஞரின் கனவு இல்லம் என்ற திட்டத்தில் கிராமங்களில் வீடு கட்டுகிறார்கள். 2030-க்குள் தமிழ்நாட்டில் குடிசையே இல்லாமல் செய்வது அதன் நோக்கம். ஒரு வீட்டுக்கு அரசு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு காங்கிரீட் தளம் போட வேண்டும். மீதி 60 சதுர அடியில் சாய்வான கூரை போடலாம், ஆனால் அது தீப்பிடிக்காத பொருளாக இருக்க வேண்டும். ஓலை வேயக் கூடாது.

'தீப்பிடிக்காத பொருள்' என்ற அந்தச் சொல்லைப் பார்! உன் தெருவுக்கான தீ விதி அதுதான். பத்தாவது மாடிக்கு விதி தண்ணீரைக் கேட்டது. கண்டமங்கலத்துச் சின்ன வீட்டுக்கு விதி கூரையைக் கேட்டது. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள். தீயிடமிருந்து நீ வெளியே வர எவ்வளவு நேரம் கிடைக்கும்? இதுதான் அந்தக் கணக்கு. தரைவீட்டில் வாசல் நாலு எட்டு தள்ளி இருக்கிறது. கூரை தலையில் விழாவிட்டால் ஓடி வந்துவிடலாம்.

'இருந்தாலும் நம் வீட்டிலும் ஒரு ஸ்பிரிங்க்ளர் வைத்துவிடலாமே' என்று நீ கேட்பாய். கேட்க வேண்டும்! வா, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டு ஸ்பிரிங்க்ளர் ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 லிட்டர் தண்ணீர் கொட்டும். 10 நிமிடம் ஓட வேண்டுமானால் 600 லிட்டர். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் இருந்தால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறு இடத்தில். தண்ணீர் வீச்சாகச் சிதற அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் உயரத்திலிருந்து வரும். டேங்க் ஸ்பிரிங்க்ளருக்கு மேலே குறைந்தது 5 மீட்டராவது இருக்க வேண்டும். மாடியில் வைத்த டேங்க் கூரைக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் மேலேதான் இருக்கும். குப்பி உடைந்தால் தண்ணீர் வரும், ஆனால் சரியாகச் சிதறாமல் பெரும்பாலும் நேரே கீழே விழும். அப்படியானால் பம்பு வைக்க வேண்டும். தீ என்றால் முதல் வேலையாக மெயினை இறக்கிவிடுவோம், அப்போது பம்பு எப்படி ஓடும்? அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஓடாமல் கிடக்கும் பம்பு துருப்பிடிக்கும், அதை அவ்வப்போது ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும். மூன்றரை லட்சத்தில் எழும்பும் வீட்டுக்கு இது பெரிய பாரம்.

இன்றைக்கு நம் சின்ன வீடுகளுக்கு ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயம் ஆக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் கூரை மாறியதோடு வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம் சொல்கிறேன், கேள்.

கூரை வீட்டில் புகை கீற்று இடுக்கு வழியாக வெளியே கசியும். காங்கிரீட் வீட்டில் அதற்குப் போக்கிடம் கிடையாது. கூரையடியில் சேர்ந்து, கீழே கீழே இறங்கி வரும். உள்ளே இருக்கிற சாமான்களும் மாறிவிட்டன. பாயும் கோரையும் போய் ஃபோம் மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, பிளாஸ்டிக் பீரோ வந்துவிட்டன. இவை எரிந்தால் கரும்புகை வரும். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே மயங்கிவிடுவார். தீ விபத்துகளில் நெருப்பைவிடப் புகையால்தான் நிறையப் பேர் இறக்கிறார்கள்.

நம் புது வீட்டு ஜன்னல்களைப் பார். எல்லாவற்றிலும் இரும்புக் கிரில், வெல்டிங் வைத்து இறுக்கியது. திருடன் உள்ளே வரமாட்டான், ரொம்பச் சரி. ஆனால் நீயும் வெளியே போக முடியாது! வாசலில் கிரில் கேட். ராத்திரி அதற்கு ஒரு பூட்டு. சாவி எங்கே? அப்பாவின் சட்டைப் பையில். சட்டை எங்கே? இருட்டில் எப்படித் தேடுவது?

என்னைக் கேட்டால், அரசு வீடு கட்டித் தரும்போதே கூரையில் பேட்டரி போட்ட ஒரு புகை உணர்வான் மாட்டித் தர வேண்டும். ஸ்பிரிங்க்ளர் சூடு வரும்வரை காத்திருக்கும். இது புகை வந்ததுமே கீச்கீச்சென்று கத்தி எல்லாரையும் எழுப்பிவிடும். குழாய் வேண்டாம், பம்பு வேண்டாம். கைக்கு அடக்கமான ஒரு டப்பா, அவ்வளவுதான். ஒரு ஜன்னலிலாவது உள்ளிருந்து திறக்கிற கிரில் இருக்க வேண்டும் என்றும் விதி வரவேண்டும். நீ பெரிய ஆளாகி விதி எழுதும் இடத்துக்குப் போனால் இதை மறக்காதே.

அதுவரை நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. புகை வந்தால் நிமிர்ந்து ஓடாதே. நல்ல காற்று தரையை ஒட்டித்தான் இருக்கும். குனிந்து, தவழ்ந்து வெளியே வா. வந்த பிறகு புத்தகப் பையை எடுக்க, பூனைக்குட்டியை எடுக்க என்று திரும்பப் போகவே கூடாது. வெளியே நின்று 101 அல்லது 112-க்குப் போன் போடச் சொல். ஊர் பெயர், தெரு பெயர், பக்கத்தில் கோயிலோ டேங்கோ இருந்தால் அது. இதையெல்லாம் சொல்ல வேண்டும்.

வடை சட்டியில் எண்ணெய் தீப்பிடித்தால் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏன் என்று நீயே சொல்லலாம், யோசி! தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் போய்விடும். அங்கே ஒரே நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். அந்த வேகத்தில் எரிகிற எண்ணெயைத் தூக்கி எறிந்துவிடும். பெரியவர்கள் அடுப்பை அணைத்து, சட்டி மேல் பெரிய தட்டு ஒன்றைக் கவிழ்த்தால் போதும். காற்று கிடைக்காமல் தானே அடங்கும். பிள்ளைகள் கிட்டவே போகக் கூடாது.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத் தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது உயிரைக் கொடுத்துத் தீயோடு போராடிய வீரர்களின் நினைவாக வருவது. தீயணைப்பு வீரர்கள் பள்ளிகளுக்கு வந்து செய்து காட்டுவார்கள். உன் பள்ளிக்கு வந்தால், ஸ்பிரிங்க்ளரில் எந்த வண்ணக் குப்பியை எங்கே வைப்பார்கள் என்று கேள். அந்த அண்ணன்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் பார்!

இன்று ராத்திரிக்கு ஒரு வேலை. படுத்திருக்கும் இடத்திலிருந்து வாசலுக்கு வெளியே போக எத்தனை நொடி ஆகிறது என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து எண்ணிப் பாருங்கள். முதல் தரம் விளக்கைப் போட்டு, இரண்டாம் தரம் விளக்கை அணைத்து, கேட்டைப் பூட்டி. ஆயாவுக்கு எத்தனை நொடி, தம்பிப் பாப்பாவைத் தூக்குவது யார், எல்லாம் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். சாவி தேடவே பாதி நேரம் போனால், கதவு நிலையில் உன் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்துத் தரச் சொல்லி அப்பாவிடம் கேள். ஜன்னலுக்குக் கிட்டே வேண்டாம், வெளியிலிருந்து கை விட்டு எடுத்துவிடுவார்கள். அதில் சாவியை மாட்டிவிட்டு, மறுபடியும் ஒரு தரம் எண்ணு.